நாமா, நாங்களா?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

சந்திரனில் முதன்முதலில் காலடி வைத்தவர் யார் என்று கேட்டால் எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட ‘நீல் ஆம்ஸ்ட்ராங்’ என்று சொல்லிவிடும். அடுத்து இறங்கியவர் யார் என்றால் பெரிய வகுப்பு மாணவியர் சற்றே யோசித்து ‘ஆல்ட்ரின்’ என்பார்கள். அவர்களுடன் சென்ற மூன்றாமவர் யார்? இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பெயர் மைக்கேல் காலின்ஸ். எழுபதினாயிரம் மைல் அல்ல, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மைல் பயணம் செய்து, சந்திரனுக்கு அறுபதே மைல் உயரத்தில் நின்று, இறங்காமலே திரும்பி வந்தவர் அவர்.

அவரை நாங்கள் தேடிப் போனது தற்செயல்தான். இந்த ஆண்டு ஞானோபதேச வகுப்பில் பாபேல் கோபுரத்தைப் பற்றிப் படித்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. வானத்தை எட்டும் கோபுரம் கட்டத் துணிந்தவர்களின் மொழியை இறைவன் தாறுமாறாக்கினார் அல்லவா? அப்படியானால் வானத்தையும் தாண்டி ராக்கெட் விடுகிறவர்களை என்னவென்று சொல்வது? ஒருத்தி, இதுவும் அதே அகந்தைதான் என்றாள். இன்னொருத்தி, சந்திரனுக்குப் போய்க் கல் பொறுக்கிய பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கலாம் என்றாள். மூன்றாமவள், நீங்கள் இருவரும் விஞ்ஞானத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவர்கள், அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள் என்று சொல்ல, சண்டை முற்றியது. நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. “கத்தியது போதும், யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று எழுதத் தொடங்கிய பதில்தான் வளர்ந்து இந்தக் கட்டுரையாகியிருக்கிறது.

ஆதியாகமத்தை எடுத்து அந்தப் பகுதியை மீண்டும் படித்தோம். கோபுரம் உயரமாக இருந்ததுதான் குற்றம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்கள்? தங்களுக்கென்று ஒரு பெயரை நிலைநாட்டிக்கொள்ள. அங்கேதான் சிக்கல் என்பது எங்கள் எண்ணம். பெரியவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறோம்.

இதைப் படித்த பிறகுதான் காலின்ஸைப் பற்றிய ஒரு செய்தி எங்கள் கண்ணில் பட்டது. அமெரிக்க விண்வெளிப் பயணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு; அதை வட்டமாகத் துணியில் பின்னி வீரர்கள் சட்டையில் தைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அதில் செல்பவர்களின் பெயர்களும் இருக்கும். அப்பல்லோ 11-இன் சின்னத்தை வரையும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டவர் காலின்ஸ். ஒரு கழுகு, கீழே சந்திரன், தொலைவில் பூமி, சமாதானத்துக்கு அடையாளமாக ஓர் ஒலிவக் கிளை. முதலில் கிளை கழுகின் அலகில் இருந்தது. நகங்களை விரித்துக்கொண்டு இறங்கும் கழுகு போருக்குப் போவது போல் இருக்கிறதே என்று மேலதிகாரிகள் தயங்கவே, கிளையை அலகிலிருந்து எடுத்துக் கால்களில் கொடுத்தார்கள். கழுகு தரையில் கால் வைக்குமுன் கிளையைக் கீழே போட்டுவிட வேண்டுமே என்று காலின்ஸ் கவலைப்பட்டாராம்! அந்தச் சின்னத்தில் மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. அந்தப் பயணத்துக்காக உழைத்த அனைவருக்கும் அது உரியதாக இருக்க வேண்டும் என்று மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. உழைத்தவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர்.

பெயரை நாட்டக் கட்டிய கோபுரம் ஒன்று. பெயரே போடாமல் புறப்பட்ட கப்பல் ஒன்று. எங்கள் வாக்குவாதத்துக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் பாதிதான்.

காலின்ஸ் 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ரோமாபுரியில் பிறந்தவர். தந்தை அமெரிக்க இராணுவ அதிகாரி. அப்போது அங்கே பணியிலிருந்தார். காலின்ஸ் விமானப் படையில் சேர்ந்து, புதிய விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் விமானியானார். 1966-இல் ஜெமினி 10 கலத்தில் பறந்து, கலத்துக்கு வெளியே விண்வெளியில் மிதந்தும் வந்தார். பிறகு சந்திரனைச் சுற்றிவரப் போகும் அப்பல்லோ 8-க்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நேரத்தில்தான் கழுத்து எலும்பில் கோளாறு கண்டது. 1968-இல் அறுவைச் சிகிச்சை நடந்தது; அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் அப்பல்லோ 8 பூமியின் பிடியை விட்டுச் சந்திரனை நோக்கிச் செல்லலாம் என்ற அனுமதியைத் தரையிலிருந்து வானொலியில் சொன்னவர் யார் தெரியுமா? தம் இடத்தை இழந்த அதே காலின்ஸ்தான். கிறிஸ்மஸ் திருவிழிப்பு நாளில் அந்த மூவர் சந்திரனைச் சுற்றிக்கொண்டே ஆதியாகமத்தின் முதல் வசனங்களை வாசித்தார்கள், உலகமே கேட்டது. இவர் தரையில் இருந்தார்.

மாறுவேடப் போட்டியில் கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்து, நாம் போட வேண்டிய உடையைத் தோழி போட்டுக்கொண்டு மேடையேற, கீழே நின்று கைதட்டியிருக்கிறோமா? அந்தக் கைதட்டல் எவ்வளவு கனமானது என்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடல் தேறியதும் அப்பல்லோ 11-இல் இடம் கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு விசித்திரம். தாய்க்கலத்தைத் தனி ஆளாக ஓட்ட அவருக்குப் பயிற்சி இருந்தது. அந்தத் திறமையே, கீழே இறங்கும் வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டு பேர் ‘ஈகிள்’ என்ற சிறு கலத்தில் இறங்க, ‘கொலம்பியா’ என்ற தாய்க்கலத்தில் ஒருவர் சுற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அவர்தான் காலின்ஸ்.

1969 ஜூலை 20-இல் ஈகிள் பிரிந்து போனதிலிருந்து மறுநாள் திரும்பி வந்து சேரும் வரை ஏறத்தாழ 28 மணி நேரம் அவர் தனியாக இருந்தார். சந்திரனை ஒருமுறை சுற்ற இரண்டு மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் சந்திரனின் மறுபக்கத்துக்குப் போனவுடன் வானொலி அறுந்துவிடும். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பூமியின் குரலும் இல்லை, நண்பர்களின் குரலும் இல்லை. ஆதாமுக்குப் பிறகு இவ்வளவு தனிமையை அனுபவித்த மனிதர் இல்லை என்று தரையில் இருந்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அவரோ பின்னாளில் வேறு விதமாக எழுதினார். 1974-இல் வெளிவந்த தம் நூலில், தனிமை தம்மை வருத்தவில்லை என்றும், விழிப்பும் நிறைவும், ஏன், ஒருவகை ஆனந்தமும் இருந்தன என்றும் கூறுகிறார். கணக்கெடுத்துப் பார்த்தால் சந்திரனுக்கு அந்தப் பக்கத்தில் 300 கோடிக்கு மேற்பட்ட மக்களும் இரண்டு நண்பர்களும். இந்தப் பக்கத்தில் தாம் ஒருவர், மற்றபடி இங்கே வேறு என்ன இருக்கிறதோ கடவுளுக்குத்தான் தெரியும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனினும் எங்களுக்கு அது பேச்சுவாக்காகப் படவில்லை. தியான நாட்களில் மௌனம் காக்கச் சொன்னால் அரை மணி நேரத்திலேயே நெளிகிறவர்கள் நாங்கள்.

சந்திரனில் இருவர் நடந்ததை உலகில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காலின்ஸ் பார்க்கவில்லை. அவருடைய கலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை! நடப்பதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் நீர்தான் போலும் என்று தரையிலிருந்து சொன்னபோது, அதனாலென்ன, பரவாயில்லை என்றாராம். ஒவ்வொரு முறை மேலே பறக்கும்போதும் கருவி வழியாகக் கூர்ந்து நோக்கி ஈகிள் எங்கே இறங்கியிருக்கிறது என்று தேடினார். கடைசி வரை கண்ணில் படவே இல்லை. நண்பர்கள் இருக்கும் ஊரின் மேலேயே திரும்பத் திரும்பப் போயும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது போல.

அவரை உண்மையில் அச்சுறுத்தியது ஒன்றே. அதை மாதக்கணக்காக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். சந்திரனிலிருந்து கிளம்ப ஈகிளுக்கு ஒரே ஓர் எஞ்சின்தான். அது பழுதானால் மாற்று எஞ்சின் கிடையாது. பற்றவில்லை என்றால் இருவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். காலின்ஸ் கீழே இறங்கிப் போய் அழைத்துவர முடியாது. பாதி உயரம் ஏறிச் சிக்கிக்கொண்டால் எப்படிப் போய்ப் பிடிப்பது என்பதற்கு 18 விதமான வழிமுறைகளை எழுதிய ஏடு ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பதினெட்டும் பயன்படாவிட்டால்? தற்கொலை செய்துகொள்ளப் போவதில்லை, தனியாக ஊர் திரும்புவேன் என்று அவர் தீர்மானித்திருந்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் ‘அவர்களை விட்டுவிட்டு வந்தவன்’ என்ற பெயர் தம்மேல் ஒட்டியிருக்கும் என்பதையும் அறிந்திருந்தார். வாஷிங்டனில் இதற்கு ஆயத்தமாகவே இருந்தார்கள். இருவரும் திரும்பாவிட்டால் ஜனாதிபதி நிக்ஸன் நாட்டு மக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஜூலை 18-ஆம் தேதியே ஓர் உரை எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதைப் படிக்க வேண்டிய தேவை வரவில்லை. எஞ்சின் பற்றியது. இறைவனுக்கு நன்றி!

ஈகிள் மேலேறி வரும்போது காலின்ஸ் ஒரு படம் எடுத்தார். முன்னால் ஈகிள், அதனுள் இரண்டு மனிதர், கீழே சந்திரன், பின்னால் கருமையான வானில் அரைவட்டமாக நீலப் பூமி. அந்தப் படத்தில் அன்று உயிரோடிருந்த மக்கள் அனைவரும் இருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் தாத்தா பாட்டிகளும், இதை வாசிக்கும் சிஸ்டர்மார்களில் வயதில் மூத்தவர்களும் அதில் எங்கோ ஒரு புள்ளிக்குள் இருக்கிறார்கள். இல்லாதவர் படம் பிடித்தவர் மட்டுமே. இருவரும் உள்ளே வந்தபோது ஆல்ட்ரினின் தலையைப் பிடித்துப் பெற்றவர் பிள்ளைக்குத் தருவது போல நெற்றியில் ஒரு முத்தம் தரப் போனாராம். கூச்சம் வந்துவிடவே கையைப் பற்றிக் குலுக்கியதோடு நிறுத்திக்கொண்டாராம்.

இதற்குள் ஒரு கேள்வி வரும். இறங்காததில் அவருக்கு ஏமாற்றமே இல்லையா? மூன்றில் மிகச் சிறந்த இடம் தம்முடையது என்று சொன்னால் அது பொய்யாகும் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கிடைத்த இடத்தில் முழு மனநிறைவு உண்டு என்றும் சொன்னார். இதை வெறும் அடக்கம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு சான்று உண்டு. பயணத்துக்கு முன்பே அவருக்கு இன்னொரு வாய்ப்புப் பேசப்பட்டது. வரிசையில் தொடர்ந்து நின்றால் அடுத்து வரும் பயணமொன்றில் தலைவராகச் சென்று சந்திரனில் நடந்திருக்கலாம். இந்தப் பயணம் நிறைவேறிவிட்டால் இனி எனக்குப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து பயிற்சியிலேயே கழித்தது போதும் என்று நினைத்தார். பேராவல் கொண்டவருக்கு ‘போதும்’ என்று சொல்லவும் தெரிந்திருந்தது. பரிசளிப்பு விழாவில் எல்லாப் பரிசையும் தானே வாங்க வேண்டும் என்று நினைக்கும் எங்களில் சிலருக்கு (பெயர் சொல்ல மாட்டோம்) இது புரிவது கடினம்.

இப்போது தலைப்புக்கு வருகிறோம்.

1969 இலையுதிர் காலத்தில் மூவரும் 20-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றி வந்தார்கள். ரோமாபுரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார்கள், பம்பாய்க்கும் வந்தார்கள். அமெரிக்கர்களாகிய நீங்கள் சாதித்துவிட்டீர்கள் என்றுதான் அயல்நாட்டார் சொல்வார்கள் என்று காலின்ஸ் எதிர்பார்த்திருந்தார். ஆனால் போன இடமெல்லாம் மக்கள் ‘சாதித்துவிட்டோம்’ என்றார்களாம். அதை அவர் தம் முதுமைக் காலம் வரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. நம் தமிழிலோ இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. சந்திரனில் அவர்கள் விட்டுவந்த தகட்டில், மனித குலம் அனைத்துக்காகவும் சமாதானமாக வந்தோம் என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். அதைத் தமிழாக்கச் சொன்னால் ‘நாங்கள்’ என்று போடுவதா, ‘நாம்’ என்று போடுவதா? எங்களுக்குள் மறுபடியும் சண்டை வந்தது.

‘நாம்’ என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் இல்லை. 73 நாடுகளின் தலைவர்கள் அனுப்பிய செய்திகளை மிகச் சிறிய எழுத்தில் பொறித்த ஒரு வில்லை அங்கே வைக்கப்பட்டது. நம் பிரதமர் இந்திரா காந்தியின் செய்தி அதில் உண்டு. பாப்பரசர் அனுப்பியது எட்டாம் சங்கீதம். வானத்தையும் சந்திரனையும் விண்மீன்களையும் பார்த்து, மனிதனை இறைவன் நினைவுகூர அவன் எம்மாத்திரம் என்று தாவீது வியக்கும் அதே சங்கீதம். அவர்கள் இறங்கிய ‘அமைதிக் கடல்’ என்ற இடத்துக்கு அந்தப் பெயரை வழங்கியதும் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களே. 1651-இல் ரிச்சியோலி, கிரிமால்தி என்ற இத்தாலிய சேசு சபைக் குருக்கள் சந்திரனின் படத்தை வரைந்து, அதன் கரும்பகுதிகளுக்குக் கடல்கள் என்று பெயரிட்டார்கள். விஞ்ஞானமும் விசுவாசமும் பகைவர் என்று வாதாடும் தோழிக்கு இதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆனால் ‘நாங்கள்’ என்று சொல்லவும் ஆதாரம் உண்டு. ராக்கெட் கிளம்புவதற்கு முதல் நாள், ஜூலை 15-ஆம் தேதி, ரால்ஃப் அபெர்நாத்தி என்ற கறுப்பினப் போதகர், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர், ஏழைக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடு ஏவுதளத்தின் அருகே வந்தார். இந்த நாட்டில் இத்தனை பேர் பசியோடிருக்கையில் இந்தச் செலவு தகுமா என்று கேட்டார். எங்கள் தோழி கேட்டது அதே கேள்வி. அப்பல்லோ திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 2,500 கோடி டாலர். விண்வெளித் துறையின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ராக்கெட்டின் பொத்தானை அழுத்தாமல் இருப்பதால் வறுமை தீருமானால் அழுத்தவே மாட்டோம் என்றார். வீரர்களுக்காக ஜெபிக்குமாறு கேட்டுக்கொண்டார், அபெர்நாத்தியும் சம்மதித்தார். அந்தக் குடும்பங்களுள் சிலர் ராக்கெட் எழும்புவதைப் பார்க்க உள்ளே இடமும் தரப்பட்டது.

பெய்ன் சொன்னது உண்மையாக இருக்கலாம். ராக்கெட் நின்றால் அடுப்பு எரிந்துவிடாது. என்றாலும் எங்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. ராக்கெட் காரணமல்ல என்பதால் பசியைப் போக்கும் கடமை தீர்ந்துவிடுமா? சந்திரனுக்குப் போகத் தெரிந்தவர்களுக்குச் சோற்றுக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பொறாமை அல்ல, உரிமை. அதே சமயம், கழுதை வண்டியில் வந்த அபெர்நாத்தியே அந்த வீரர்களின் துணிவைக் கண்டு நெகிழ்ந்ததாகச் சொன்னார் என்பதையும் மறைக்கக் கூடாது. வேலிக்கு வெளியே நின்றவர் உள்ளே நின்றவர்களுக்காக ஜெபித்தார். ‘நாம்’ என்ற சொல்லை அன்று அங்கே உண்மையாகச் சொன்னவர் அவர்தான் என்று எங்களுக்குப் படுகிறது.

பெண்களின் நிலையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வகுப்பு எங்களை மன்னிக்காது. 1969 முதல் 1972 வரை சந்திரனில் நடந்த 12 பேரும் ஆண்கள். ஆனால் அவர்கள் அணிந்த உடையைத் தைத்தவர்கள் டெலவேர் மாநிலத்தின் டோவர் நகரத்துத் தையற்காரப் பெண்கள். அதற்கு முன் பெண்களுக்கான உடைகளும் குழந்தைகளின் பொருட்களும் தைத்து வந்தவர்கள். 21 அடுக்குகள் கொண்ட உடை. தையல் இம்மி விலகினாலும் பிரித்துத் தைக்க வேண்டும். குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஓர் உயிர் போய்விடும் என்பதால் உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தையல் வகுப்பில் ‘பிரித்துத் தை’ என்று கேட்டு முகம் சுளிக்கும் நாங்கள் இனிச் சுளிக்க மாட்டோம் என்று வாக்களிக்கிறோம், முடிந்தவரை. கலத்தின் கம்ப்யூட்டருக்கு நினைவாற்றல் தந்தவர்களும் பெண்களே. வால்தம் நகரத்துத் தொழிற்சாலையில், சிறு சிறு காந்த வளையங்களின் வழியே மெல்லிய செப்புக் கம்பியை ஊசியால் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூச்சியம். ஒரு கம்பி தவறினால் கணக்கே தவறும். ஜெபமாலை கோக்கும் பொறுமை அதற்கு வேண்டியிருந்திருக்கும்.

கோத்தார்கள், தைத்தார்கள், ஏறவிடவில்லை. 1960, 1961-ஆம் ஆண்டுகளில் 13 அமெரிக்கப் பெண் விமானிகள், விண்வெளி வீரர்களுக்கு நடத்திய அதே மருத்துவச் சோதனைகளில் தேறினார்கள். 1962-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஜெரி காப் என்ற பெண்மணி தங்களுக்கும் இடம் கேட்டார். ஆண்கள் பறக்கப் போவதும் பெண்கள் அதில் இல்லாமலிருப்பதும் நம் சமூக அமைப்பு என்று, பூமியைச் சுற்றி வந்த புகழ்பெற்ற வீரர் ஜான் கிளென் அங்கே பதில் சொன்னார். அடுத்த ஆண்டே ருஷ்யாவின் வாலன்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார்! அமெரிக்கப் பெண்ணொருவர் போக 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெரி காப் போகவே இல்லை. அவர் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குச் சென்று, அங்குள்ள ஆதிவாசி மக்களுக்கு மருந்தும் விதையும் விமானத்தில் எடுத்துச் செல்லும் வேதபோதக விமானியாகப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். 2019-இல் காலமானார். காலின்ஸும் கீழே இறங்கவில்லை. இவரும் மேலே ஏறவில்லை. ஆனால் காலின்ஸுக்கு அது தாமே ஒப்புக்கொண்ட இடம். இவருக்கு அடைத்த கதவு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பெண் பிள்ளைகளைப் பொறுமையாக இருக்கச் சொன்னால் நாங்கள் ஏற்க மாட்டோம்.

கவிஞர் ஒருவர், குருவானவர் ஒருவர், தத்துவஞானி ஒருவர் என மூவரை அனுப்பினால் பார்த்ததை இன்னும் நன்றாக எடுத்துச் சொல்வார்கள் என்று காலின்ஸ் ஒருமுறை சொன்னார். குருவானவரை அனுப்பும்போது கூடவே ஒரு கன்னியரையும் அனுப்பினால் என்ன? எங்கள் பள்ளியிலிருந்தே ஒருவரைச் சிபாரிசு செய்வோம். கணக்கு வகுப்பு சில நாள் நடக்காது, அவ்வளவுதானே!

நாங்கள் கண்ட முடிவு இதுதான். வானத்துக்குப் போக ஆசைப்படுவது அகந்தை அல்ல. ஆனால் போகிறவர்கள் ‘நாம்’ என்று சொல்லிக்கொண்டு வாசலில் சிலரை நிறுத்தி வைத்தால், அந்தச் சொல் கடனாகவே நிற்கும். தகட்டை நாங்கள் ‘நாம்’ என்றே மொழிபெயர்த்திருக்கிறோம், பென்சிலால்.

காலின்ஸ் பிறகு வாஷிங்டனில் விமானம், விண்வெளி ஆகியவற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அவர் பொறுப்பில் எழுந்த கட்டடம் 1976 ஜூலை 1-இல் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 28-இல் தம் 90-ஆம் வயதில் இறந்தார். கொலம்பியா கலம் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

அதனுள் ஒரு செய்தி. கடலில் இறங்கிய மூவரையும் கலத்தோடு சேர்த்து ‘ஹார்னெட்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். சந்திரனிலிருந்து நோய்க்கிருமி ஏதும் வந்திருக்குமோ என்ற அச்சத்தால் அவர்களை ஒரு வண்டிக்குள் அடைத்து வைத்தார்கள். அதிலிருந்து கலத்துக்கு ஒரு குழாய்ப் பாதை இருந்தது. காலின்ஸ் அதன் வழியே மறுபடியும் கலத்துக்குள் ஊர்ந்து போனார். பெஞ்சில் எழுதினால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரோ கலத்தின் உட்சுவரிலேயே பேனாவால் எழுதினார். கலத்தின் எண்ணையும் பெயரையும் குறித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த கலங்களிலெல்லாம் சிறந்தது இது, இறைவன் இதை ஆசீர்வதிப்பாராக என்று எழுதி, சின்னத்தில் போடாத தம் பெயரைக் கீழே போட்டார்.